மஞ்சள் துணி முடிச்சு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருபது பேர் போலப் பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுக்கு ஓடுவோம். கையில் உறை, தோளில் வெள்ளைச் சாக்கு. வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே ஓட வேண்டும். குழுவை நடத்தும் அண்ணாச்சி, நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரே சட்டம்தான்: "கால் நிக்கக் கூடாது. பாத்தோமா, எடுத்தோமான்னு போயிட்டே இருக்கணும்." நின்று நின்று எடுத்தால் உடற்பயிற்சி கெட்டுவிடுமாம்.

எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போனது. நின்று யோசிக்கிற சுபாவம் எனக்கு என்றைக்கும் கிடையாது. அதிலும் படித்துறைக்கு வந்துவிட்டால் கோபம் தலைக்கேறிவிடும். ஈமக் காரியம் முடித்தவர்கள் விட்டுப்போன வேட்டி, சேலை, வாழையிலை, மண்கலயம் எல்லாம் படியிலேயே கிடக்கும். தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களே இப்படிச் செய்கிறார்களே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே அள்ளுவேன். "ஒங்க சாக்குதான் மொதல்ல நெறையுது" என்று அண்ணாச்சி சொன்னால் உள்ளூரக் குளிர்ந்துபோவேன்.

அன்றும் அப்படித்தான் அள்ளினேன். சாக்கை மேலே தெருவில் நின்ற குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, உறையைக் கழற்றிக் கை கழுவப் படியிறங்கினேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஈர வேட்டியோடு ஆற்றிலிருந்து ஏறி வந்தார். மொட்டைத்தலை. கல்மண்டபத் தூணைச் சுற்றிச் சுற்றித் தேடினார். பிறகு என்னிடம் வந்தார்.

"அக்கா, எங்கம்மைய இங்கன வச்சிருந்தேன். முங்கிட்டு வாரதுக்குள்ள காணல."

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார்.

"அஸ்திக் கலயம்க்கா. மஞ்சத் துணியில முடிஞ்சிருந்தேன். அய்யர் வாரதுக்கு முன்ன குளிச்சிரலாம்னு எறங்குனேன்."

தூணடியில் இருந்த மஞ்சள் மூட்டையை ஓடிக்கொண்டே அள்ளிப் போட்டது நான்தான். கனமாக இருந்ததும் நினைவுக்கு வந்தது. காரியம் முடித்து விட்டெறிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். "இங்கனயே நில்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஓடினேன்.

வண்டி கிளம்பியிருந்தது. தெருமுனையில் அதன் பின்பக்கம் தெரிந்தது. கத்தினேன், வண்டி நிற்கவில்லை. அது நேராகக் கிடங்குக்குப் போய்க் கொட்டிவிட்டால், அந்தக் குப்பை மலையில் ஒருவரின் தாயை எங்கே போய்த் தேடுவது? அந்த மனிதர் முகத்தில் எப்படி முழிப்பது? மாதக்கணக்காக ஓடிப் பழகிய கால்கள் அன்றைக்குப் பார்த்துப் பின்னிக்கொண்டன. நல்லவேளை, அடுத்த தெருவில் ஒரு வீட்டுக் குப்பையை வாங்க வண்டி நின்றது. போய்ப் பின்கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னக்கா, நகை ஏதும் விழுந்துட்டா?" என்றார் வண்டி ஓட்டும் பெண். வண்டிக்குள் ஏறினேன். எல்லாச் சாக்கும் ஒரே வெள்ளை. முதல் சாக்கில் பாட்டில்கள். இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதைக் கவிழ்த்தபோது ஈரச் சேலைகளுக்கு நடுவில் மஞ்சள் தெரிந்தது. தொட்டேன், துணிக்குள் ஓடுகள் நெருடின. கலயம் உடைந்திருந்தது. முடிச்சு மட்டும் அவிழவில்லை.

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன். ஓடினால் சிந்திவிடுமோ என்ற பயத்தில் நடந்தேதான் வந்தேன். அவர் நான் சொன்ன இடத்திலேயே நின்றார்.

"எங்கன கெடந்துச்சுக்கா?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அது வரவில்லை. "குப்பைன்னு நெனச்சு நாந்தான் எடுத்தேன், தம்பி. கலயம் ஒடஞ்சிட்டு. மன்னிச்சிருங்க."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மூட்டையை வாங்கி முடிச்சைத் தடவிப் பார்த்தார். அய்யர் வந்து மந்திரம் சொல்ல, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கரைத்தார். முடியும்வரை நான் படியிலேயே நின்றேன். போகவும் தோன்றவில்லை, பக்கத்தில் போகவும் துணியவில்லை.

ஏறி வந்தவர் நேராக என்னிடம் வந்தார். கையில் பிழிந்த மஞ்சள் துணி. அதற்குள் கலயத்தின் ஓடுகள். ஒன்றைக்கூட அவர் ஆற்றில் விடவில்லை.

"இப்ப எடுத்துக்கிடுங்கக்கா," என்றார். "இனி இது குப்பைதான்."

என் சாக்கு வண்டியோடு போயிருந்தது. இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டேன்.