பனியன் கழுத்தில் போட்ட குறி

என் கடைசித் தம்பி நாற்பத்தெட்டு வயதில் ஓட ஆரம்பித்தான். ஆசைப்பட்டு ஓடவில்லை. பயந்துபோய் ஓடினான்.

அம்மாவுக்கு நாங்கள் நாலு பேர். மூத்தவர் அண்ணன். அவருக்கு மூன்று வருஷம் கழித்து நான். எனக்கு அடுத்தவள் தங்கை, கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். இனிமேல் ஒன்றும் இல்லை என்று அம்மா நினைத்திருந்த காலத்தில், எனக்குப் பதினாறு வயதாகும்போது, இவன் வந்து சேர்ந்தான். அதனால் கடைக்குட்டி. தலை நரைத்த பிறகும் வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர்.

அப்பா நாற்பத்தொன்பதில் போனார். பஸ் நிற்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். சட்டைப்பையில் ஒரு சீப்பு, ஒரு பஸ் டிக்கெட், அவ்வளவுதான். யார் என்ன என்று தெரியாமல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடையாளம் சொல்ல நான்தான் போனேன். ஒன்பது வயதுக் கடைக்குட்டி என் கையை விடாமல் கூடவே வந்தான். அங்கே காலில் கட்டியிருந்த அட்டையை அவன் பார்த்தான். அதில் பெயர் இல்லை, ஒரு நம்பர்தான் இருந்தது.

அண்ணனுக்கும் அதே நாற்பத்தொன்பது. அவரும் கடைக்குட்டியும் வேலை பார்த்த லாண்டிரியில் இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்றபடியே விழுந்தார். பக்கத்து மேஜையில் கடைக்குட்டி நின்றிருந்தான். கவிழ்ந்த இஸ்திரிப் பெட்டியை யாரோ நிமிர்த்தி வைத்ததால் கடை தீப்பிடிக்காமல் தப்பியது என்று அப்புறம் சொன்னார்கள். யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அதைக் கேட்கிற நிலைமையிலா இருந்தோம்.

ஆக, நாற்பத்தெட்டு முடியப் போகிறது என்றதும் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் பெண்டாட்டி பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னாளாம்:

"இப்போதைக்கு நெஞ்சு நல்லா இருக்கு. ஆனா ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி. ஒன்பது மணி நேரம் ஒரே இடத்துல நிக்கிறீங்க. முதல்ல நடங்க. அப்புறம் மெதுவா ஓடுங்க."

மெதுவா என்று சொன்னதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான் என் தம்பி.

முதல் நாளே ரப்பர் செருப்போடு தெருக்கோடி வரைக்கும் ஒரே பாய்ச்சல். ஓடினால் மூச்சு வாங்கும் அல்லவா, அது அவனுக்கு அண்ணனுடைய கடைசி மூச்சு மாதிரியே கேட்டதாம். சீக்கிரம் ஓடி முடித்தால் சீக்கிரம் அடங்கும் என்று இன்னும் வேகமாக ஓடியிருக்கிறான். வீட்டுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டு மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணினான். எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது.

"நடன்னு சொன்னா நடக்கணும். உனக்கு என்ன, பின்னாடி நாயா துரத்துது?" என்றேன்.

"நாயா இருந்தா கல்லெடுத்துப் போடலாம்கா" என்றான்.

நாலே நாளில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. அங்கேதான் லாண்டிரிக்காரன் புத்தி வேலை செய்தது. சட்டையில் சுருக்கம் விழுந்தால் என்ன செய்வான், ஈரத்துணியைப் போட்டுச் சூடு வைப்பான். அதையே காலுக்கும் செய்தான். ஈரத் துண்டை நாலாக மடித்து எலும்பின்மேல் போட்டு, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்தான். நான் பார்த்துக் கத்தினதற்கு, "நைலானுக்கு வைக்கிற குறைஞ்ச சூடுதான்கா வச்சிருக்கேன், பட்டுக்கு வைக்கிற அளவுகூட இல்ல" என்றான்.

விடிந்தபோது கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. ஊன்ற முடியவில்லை. நிற்க முடியாதவனுக்கு லாண்டிரியில் என்ன வேலை. பத்து நாள் வீட்டில் உட்கார்ந்தான். ஓடின நாளுக்கு ஒன்று என்று துணிக் கொடியில் கிளிப் மாட்டி வைத்திருந்தான். நாலு கிளிப்போடு அந்தக் கொடி நின்றுபோனது. அவன் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பொறந்த நாளுக்கு இன்னும் அறுபத்திரண்டு நாள்" என்பான்.

"புது வீக்கத்துக்கு யாராவது சூடு வைப்பாங்களா? ஐஸ் வைக்கணும், ஓய்வு கொடுக்கணும்" என்று டாக்டரம்மா திட்டிவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலத் திரும்பச் சொல்லி அனுப்பினாள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். நல்ல ஷூ வேண்டும். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும், பேச்சு வராவிட்டால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

"நான் யார்கிட்ட பேசுறது?" என்றான்.

"என்கிட்ட பேசாததையெல்லாம் பேசிக்கிட்டே போங்க. இருபது வருஷ பாக்கி இருக்கு" என்றாள் அவன் பெண்டாட்டி.

மறுபடி ஆரம்பித்தான். வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு, நடையும் ஓட்டமுமாக. கொடியில் கிளிப் ஏறியது. ஆனால் பயம் இறங்கவில்லை, வேறு இடத்தில் போய் உட்கார்ந்தது. இத்தனை வருஷமும் கடைக்கு உள்ளேயே நின்று வேலை செய்தவன். துணி கொடுக்கிறவர்கள் யாரும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. ஓடுகிற தெருவில் விழுந்தால் அப்பா மாதிரி நம்பர்தானே கட்டுவார்கள். அதற்கு அவன் ஒரு வழி செய்தான், எங்களிடம் சொல்லாமல்.

லாண்டிரியில் எந்த வீட்டுத் துணி என்று தெரிய, கழுத்துக்கு உள்பக்கம் அழியாத மையில் குறி போடுவார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு கோடு, இன்னொரு வீட்டுக்கு வட்டம். எங்கள் வீட்டுத் துணியை நாங்களே துவைப்பதால் எங்களுக்குக் குறி கிடையாது. இவன் ஒன்றை உண்டாக்கிக்கொண்டான். முக்கோணம், நடுவில் புள்ளி. ஓடும்போது போடுகிற பனியனில் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தான். அந்தக் குறி யாருடையது என்று உலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை.

பிறந்த நாளுக்கு ஆறு நாள் இருந்தது. வெறும் வயிற்றில் ஓடி மயக்கம் வந்துவிடப் போகிறது என்று பெண்டாட்டி பயந்து, இரண்டு வாழைப்பழத்தைத் திணித்து ஒரு சொம்பு தண்ணீரும் கொடுத்து அனுப்பினாள். இரண்டு தெரு தள்ளி, பச்சை கேட் போட்ட வீட்டுக்கு முன்னால், இடது விலாவுக்குக் கீழே கத்தி செருகினது போல ஒரு வலி. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்த வீட்டுக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். ஓடிவந்து கேட்டால் இவன் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கழுத்தையே சுட்டிக் காட்டுகிறான். வாயைத் திறந்தால் உயிர் போய்விடும் என்று நினைத்தானாம். கழுத்தை ஏதோ இறுக்குகிறது என்று அவர் பனியனைத் தளர்த்தியபோது குறி தெரிந்தது. அவர் வீட்டுத் துணியும் எங்கள் லாண்டிரிக்குத்தான் வருகிறது, அவர் சட்டைக் கழுத்திலும் அதே மை. உடனே லாண்டிரிக்குப் போன் போட்டார்.

"உங்க குறி போட்டது ஒண்ணு என் வாசல்ல கிடக்குங்க."

"பச்சை கேட் சாரா? துணி மாறிப் போச்சா? கொண்டு வாங்க, பார்க்கிறேன்" என்றார் முதலாளி.

"துணி இல்லைங்க. ஆள்."

"ஆள் கிடக்கா? என்ன குறி?"

"முக்கோணம். நடுவுல புள்ளி."

முதலாளி குறி நோட்டைப் புரட்டினார். "முக்கோணம், புள்ளியா? அப்படி ஒரு குறியே எங்க நோட்டுல இல்லையே சார். வேற கடையா இருக்கும்."

நல்ல வேளை, சீக்கிரமே வந்து கதவைத் துடைத்துக்கொண்டிருந்த குறி போடுகிற அம்மாள் காதில் அது விழுந்தது. என்றைக்கோ அவன் மைப்புட்டியைத் தொட்டதை அவள் பார்த்திருக்கிறாள். துணியைக் கீழே போட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து, "அக்கா, கடைக்குட்டி விழுந்துட்டான், பச்சை கேட்" என்றாள்.

அப்போது எனக்கு அறுபத்து நாலு. செருப்பு போட்டேனா என்று ஞாபகம் இல்லை. ஓடினேன். அப்பாவுடைய அட்டை, அண்ணன் விழுந்த மேஜை, இரண்டும் மாறி மாறிக் கண்ணுக்கு முன்னால் வந்தது. இன்னொரு தடவை அடையாளம் சொல்ல என்னால் முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். அவன் பெண்டாட்டி எனக்குப் பின்னால்தான் வந்தாள்.

சுவரோரமாகச் சாம்பல் முகத்தோடு உட்கார்ந்திருந்தான். மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, "பேசுடா. டாக்டரம்மா பேசச் சொன்னாள்ல, பேசு" என்றேன்.

கண்ணைத் திறந்தான். "அக்கா, அண்ணன் விழுந்தப்போ நான் முதல்ல பெட்டியைத்தான் நிமிர்த்தினேன். அப்புறம்தான் அவரைத் தூக்கினேன்."

பதினெட்டு வருஷமாக அதை உள்ளே வைத்திருந்திருக்கிறான். "சரி. இப்போ மூச்சை விடு" என்றேன். விட்டான். அதோடு அழுகையும் சேர்ந்து வந்தது. அழ அழ வலி குறைந்தது என்று பிறகு சொன்னான்.

வாத்தியார் வண்டி பிடித்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் மறுபடி ஒயர். காகிதம் சரசரவென்று வெளியே வர வர அவன் பெண்டாட்டி என் விரலை நெரித்துக்கொண்டிருந்தாள்.

"நெஞ்சுல ஒண்ணும் இல்ல. வயித்துக்குள்ள என்ன போட்டீங்க?" என்றாள் டாக்டரம்மா.

சொன்னான்.

"வயிறு ரொம்பினதும் ஓடினா விலாவுக்குக் கீழ பிடிச்சுக்கும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரமாவது போகட்டும். ஆனா நீங்க வந்தது சரி. உங்க குடும்பத்துல நெஞ்சுப் பக்கம் என்ன வலி வந்தாலும் நீங்களே முடிவு பண்ணக் கூடாது, வந்துடணும்." பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க ஏம்மா நொண்டுறீங்க?"

"ஓடினேன்" என்றேன்.

"நல்ல குடும்பம்" என்றாள்.

நாலு நாள் ஐஸ் பையும் நானுமாகக் கிடந்தேன். "முதல் நாளே பாய்ச்சல் காட்டினா இப்படித்தான்கா" என்று அவன் எனக்குப் பாடம் நடத்தினான். முதலாளி நோட்டில் எங்கள் குறியை ஏற்றி, எதிரே வீட்டு விலாசமும் எழுதி வைத்தார்.

இப்போது அவனுக்கு ஐம்பத்தொன்று. வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிறான். பச்சை கேட் வாத்தியார் பாதித் தூரம் கூட நடக்கிறார், பேச்சுக்கு ஆள் கிடைத்துவிட்டது. போன மாசம் புதுப் பனியன் வாங்கினான். குறி போடவில்லை.

"இப்போதான் தெருவுல எல்லாருக்கும் என்னைத் தெரியுமேக்கா" என்றான்.

அவன் வேலைக்குப் போன பிறகு குறி போடுகிற அம்மாளிடம் மை வாங்கிவந்து நானே போட்டேன். பழக்கமில்லாத கை, முக்கோணம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் அதைத்தான் போட்டுக்கொண்டு கிளம்பினான். பார்த்தானா, பார்த்தும் பேசாமல் இருந்தானா, தெரியாது. இன்றைக்கும் அவன் ஓடப் போகிற நாளெல்லாம், திரும்பி வந்து கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் அடுப்பில் என்ன வைத்தேன் என்றே எனக்குத் தெரிவதில்லை.