தோற்க ஆசைப்பட்ட மனுசன்

சீனியர்ஸ் சென்ரரில ரீவி பார்க்கேக்க எனக்குப் பக்கத்துக் கதிரை ஒரு கறுப்பு மனுசனுக்கு. நெட்டை ஆள், எப்பவும் சிவப்புத் தொப்பி. படத்தில தன்னைப்போல கறுத்த முகம் வந்தால், "அன்ரி, உவன் கெதியில சாவான்" எண்டுவார்.

"சாகமாட்டான். செத்தால் நாளைக்கு உங்களுக்கு நான் பொரிக்கிற இறைச்சி ரோல்ஸ் ஒண்டு" எண்டு என்ர உடைஞ்ச இங்கிலீசில பந்தயம் கட்டுவன். எப்பவும் அவர்தான் வெல்லுவார்.

"என்ர ரோல்சுக்காக நீங்கள்தான் ஆளைக் கொல்லுவிக்கிறியளோ?" எண்டு ஒருநாள் கேட்டன்.

சிரிச்சார். பிறகு ரீவியைப் பார்த்தபடி, "ஒருக்காலாவது உங்களிட்டைத் தோற்கவேணும், அன்ரி" எண்டார்.

போன மாசம் அவர் விட்பி எண்ட ஊருக்கு, தன்ர மகளிட்டைப் போயிட்டார். நேற்றுப் படத்தில ஒரு கறுப்பு மனுசன் கடைசிமட்டும் சாகேல்லை. திரும்பிப் பார்த்தன், வெறுங்கதிரை. பழக்கத்தில பொரிச்சுக் கொண்டுபோன ரோல்சை நானே திண்டன். முதல்தரம் வெண்டது நான்.