தந்திக் கம்பத்திலிருந்து விழுந்தவன்

கெலமங்கலம் திம்மப்பன் தந்தி இலாகாவில் லைன்மேன். பதினொரு வருஷமாக ராயக்கோட்டை ரோட்டுக் கம்பங்களில் ஏறி இறங்கியவன். சர்க்கார் சம்பளக்காரன் என்று ஊரில் மரியாதை உண்டு. பொய் சொல்லத்தான் வராது. அதுதான் அவனைப் பிடித்த சனி.

ஐம்பத்தைந்தாம் வருஷ ஐப்பசியில் அவன் பசு, கன்று போட்டுவிட்டு எழ முடியாமல் படுத்துவிட்டது. படுத்த மாட்டை அப்படியே விட்டால் பிழைக்காது. வயிற்றுக்கடியில் வாரைக் கொடுத்து விட்டத்தில் கட்டி நிறுத்த வேண்டும். கயிறு தோலை அறுத்தது. கம்பம் ஏறும்போது இடுப்பில் மாட்டும் சர்க்கார் தோல் பெல்ட்டை எடுத்து வந்து கட்டினான். மறுநாள் காலை, மழையில் லைன் அறுந்துவிட்டதென்று ஆள் வந்தது. பெல்ட்டை உருவினால் மாடு விழும். ஒரு கம்பம்தானே என்று வெறும் இடுப்போடு போனான்.

ஈரக் கம்பம் வழுக்கிவிட்டது. தொடையெலும்பு முறிந்து, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்து, ஒரு கால் குட்டையாகி வீடு வந்தான். இனிக் கம்பம் ஏற முடியாது. நஷ்டஈடு வந்தால் ஒரு பெட்டிக்கடை வைக்கலாம். வராவிட்டால் மனைவி முனிலட்சுமியின் கூலிதான் கதி.

சேலத்திலிருந்து இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். கூட வேலை செய்த முனிசாமி முந்தின நாளே காதில் ஓதியிருந்தான்.

"பெல்ட்டு அறுந்துபோச்சுன்னு சொல்லிடுப்பா. பழசு ஒண்ண அறுத்து வெச்சிருக்கறேன்."

அப்படிச் சொன்னால் பெல்ட் கொடுத்த இலாகா ஸ்டோர்க்காரன் தலை உருளும். ராத்திரி முழுக்க திம்மப்பனுக்கு அதே யோசனை.

"பெல்ட் போட்டிருந்தியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்க சாமி. மாட்டுக்குக் கட்டியிருந்தனுங்க."

நல்ல மனிதர் அவர், முகம் வாடிவிட்டது. "போடச் சொன்னதை வேணும்னே போடாம விழுந்தா நஷ்டஈடு கிடையாதுப்பா. ஆள் செத்திருந்தா மட்டும் பெல்ட் கேள்வியே வராது. குடும்பத்துக்குப் பணம் வந்திருக்கும்."

செத்திருக்கலாமோ என்று திம்மப்பனுக்கு ஒரு கணம் தோன்றியது நிஜம்.

கதவோரம் நின்ற முனிலட்சுமி முன்னால் வந்தாள். "ஏன் சாமி, நான் தாலியறுத்தாத்தான் உங்க சட்டம் சோறு போடுமா? அந்தச் சோறு எனக்கு வேணாம். எங்க ஊட்டுக்காரன் உசுரோட இருக்கறான்னு எழுதிக்கினு போங்க."

மறுநாள் முதல் அவள் களை பறிக்கப் போனாள். அவன் வீட்டில் மரத்துடுப்பால் கேழ்வரகுக் களி கிண்டினான். ஆம்பளை கையில் துடுப்பா என்று ஊர் சிரித்தது.

"கட்டி கட்டியா இருக்குதே" என்றாள், சாயங்காலம் வந்து தட்டில் கை வைத்தவள்.

"நான் செத்திருந்தா நெல்லுச்சோறே தின்னிருப்ப."

அந்தப் பேச்சை இன்னொரு தடவை எடுத்தால் நடப்பதே வேறு என்று அவள் துடுப்பைத் தூக்கினாள். பிறகு தட்டை நீட்டி இன்னொரு உருண்டை கேட்டாள்.