கொண்டை உடைந்த மயில்

பதுளைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும், பிடியில் வேலைப்பாடு செய்த மடக்குக் கத்திகளைச் சேர்ப்பவன் நான். எதையும் வெட்ட மாட்டேன். துடைத்துத் துடைத்து வைப்பேன்.

அன்று மயில் பிடி போட்ட புதுக் கத்தியோடு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு அக்காவின் மாடு சரிவில் உருண்டு, கழுத்தில் கயிறு இறுகிக் கிடந்தது. இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அக்கா மாட்டின் தலையைத் தாங்கியபடி, "கத்தி, கத்தி!" என்று அலறினார்.

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வருமாம். விரித்த கத்தியைத் தரையில் வைக்கக் குனிந்தேன்.

"நமக்குத்தான் ஏற்கனவே சண்டையாச்சே தம்பி, கையிலயே குடுங்க!"

கொடுத்தேன். கயிறு அறுந்தது. மாடு எழுந்து நின்றது. லயமே கைதட்டியது. கத்தி கல்லில் விழுந்து, மயிலின் கொண்டை உடைந்திருந்தது.

மறுநாள் காலை வாசலில், "தம்பி, பால்!" என்று குரல் கேட்டது.

வீட்டுக்கு வருபவர்களிடம் நான் முதலில் காட்டுவது, கொண்டையில்லாத அந்த மயிலைத்தான்.