முதுகில் இரண்டு கிளிகள்

“திரும்பு ஆத்தா. ஒரே ஒரு தடவ திரும்பு. அழுறத அப்புறம் அழுதுக்கிரலாம்.”

நாகஜோதி கெஞ்சிக்கொண்டிருப்பது கைபேசியிடம். நூல்கண்டு டப்பாவில் சாய்த்துவைத்த திரைக்குள் ஒரு கதாநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். புருஷன் போய்விட்டானோ, சொத்து போய்விட்டதோ, நாகஜோதிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ரவிக்கையின் பின்கழுத்து. கடைசியில் கதாநாயகி சாமி படத்திடம் முறையிடத் திரும்பிய நொடியில், கட்டைவிரல் பாய்ந்து காட்சியை நிறுத்துகிறது. விரலால் பெரிதாக்கிப் பார்த்து, “பானைக் கழுத்து, ரெட்டைக் கயிறு, முத்துக் குஞ்சம்” என்று தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் குறித்துக்கொள்கிறாள். அதற்கப்புறம் கதாநாயகி எக்கேடு கெட்டால் அவளுக்கென்ன?

சின்னமனூர் கடைவீதியை ஒட்டிய சந்தில் அவளுடைய தையல் கடை. இரண்டு மெஷின், ஆரிப் பூவேலைக்கு ஒரு மரச்சட்டம், சுவர் முழுக்க அளவு ஜாக்கெட் மூட்டைகள். காலையில் கடை திறந்ததும் முந்தின நாள் ஓடிய நான்கு தொடர்களையும் வரிசையாகப் பார்த்துவிடுவாள். சத்தமில்லாமல்தான் பார்ப்பாள். “சத்தம் வச்சா கதைக்குள்ள போயிருவோம். கதைக்குள்ள போனா கை அளவு தப்பிரும்” என்பது அவள் கண்ட உண்மை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு வாரம் சத்தம் வைத்துப் பார்த்தாள். அந்த வாரம் ஒரு டீச்சரம்மாவுக்கு இடது கையை முழங்கை வரைக்கும், வலது கையை அதைவிட நாலு விரற்கடை தூக்கியும் தைத்துக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அடைத்த நடிகைகளின் வாய்களை அவள் பிறகு திறக்கவே இல்லை.

ஆகவே, தினமும் நான்கு தொடர்களைப் பார்த்தும் ஒரு கதையும் தெரியாத பெண்மணி இந்தப் பள்ளத்தாக்கிலேயே இவள் ஒருத்திதான். நடிகைகளுக்கும் அவளே பெயர் வைத்திருக்கிறாள். பஃப் கைக்காரி, கண்ணாடி வேலைக்காரி, முதுகில் ஜன்னல் வைத்தவள். ஊர்ப் பெண்களோ அவள்தான் தொடர்களுக்கெல்லாம் அத்தாரிட்டி என்று நம்புகிறார்கள். அவளும் அந்த நம்பிக்கையைக் கெடுப்பதில்லை.

துணியோடு வருகிறவர்கள் கூடவே ஒரு கதாபாத்திரத்தையும் கொண்டுவருவார்கள். “நாகு, அந்த ரெண்டாவது மருமக கோயிலுக்குப் போட்டுட்டுப் போனாள்ல, அது வேணும்.” பேங்கில் வேலை பார்க்கிற பெண்ணும் இதைத்தான் கேட்பாள். விடியுமுன் ஜீப் ஏறி மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவளும் இதைத்தான் கேட்பாள். பின்னவள் அந்த ரவிக்கையின் மேலே புருஷனுடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் காய் எடுப்பாள். “யாரு பாக்கப் போறா இத?” என்று கேட்டால், “போட்டவளுக்குத் தெரியும்ல” என்பாள். அதற்குமேல் கேள்வியில்லை.

நல்லவளின் ரவிக்கையை எல்லோரும் வாய்விட்டுக் கேட்பார்கள். வில்லியின் ரவிக்கை வேண்டுமென்றால் மட்டும் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் காதோடு சொல்வார்கள். நல்லவளுக்குக் கதைப்படி நூல் சேலைதான். ஐந்நூறு நாள் அழுது முடித்த பிறகுதான் பட்டு கண்ணில் படும். வில்லி காலையில் பல் விளக்கும்போதே பட்டு. உள்ளதைச் சொன்னால், நாகஜோதி தைத்துக் கொடுப்பதில் பாதிக்குமேல் வில்லிகளுடையது.

மனிதர்களையும் அவள் முதுகை வைத்துத்தான் அடையாளம் காண்பாள். எதிரே வந்து வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பாள். “கொஞ்சம் திரும்புங்க” என்பாள். திரும்பியதும், “அட, நீங்களா! பிள்ளைக்குக் காய்ச்சல் தேவலையா?” என்று வாஞ்சையோடு விசாரிப்பாள். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் சாமி கும்பிடப் போனவள், முன்னால் நின்ற முதுகுகளில் நாற்பத்தொன்று தன் கைவேலை என்று எண்ணிவிட்டு, அம்மனைப் பார்க்க மறந்து திரும்பியிருக்கிறாள். அவள் போட்டுக்கொள்வது என்னவோ கொக்கிக்குக் கொக்கி சேராத ஒரு காப்பிப்பொடிக் கலர் ரவிக்கைதான். ஏன் என்றால், “நம்ம முதுகு நமக்குத் தெரியவா போகுது?”

அப்படிப்பட்டவளிடம் போன சித்திரையில் மார்க்கையன்கோட்டை உமாதேவி வந்து சேர்ந்தாள். வயலும் வாழைத்தோட்டமும் உள்ள வீட்டுக்காரி. மூத்த மருமகள் கல்யாணமான மூன்றாம் மாசமே போடியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனவள், திரும்பவில்லை. “கொழம்புல உப்பு இல்லேன்னு ஒரு வார்த்த சொன்னேன், அம்புட்டுதான்” என்பது உமாதேவியின் கட்சி. ஊரின் கட்சியில் உப்பைத் தவிர இன்னும் பத்துச் சாமான்கள் உண்டு. இப்போது இளைய மகனுக்குப் பெரியகுளத்தில் பெண் அமைந்திருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் நாலு இடத்தில் விசாரித்து, அரை மனசோடுதான் தாம்பூலம் மாற்றினார்கள்.

“அந்தப் பெரிய வீட்டு மாமியா போட்டிருக்காள்ல, முதுகுல ரெண்டு கிளி, நடுவுல குத்துவெளக்கு. அது வேணும் எனக்கு” என்றாள் உமாதேவி. “மண்டபத்துல நான் நடந்து போனா பின்னால உக்காந்திருக்கவுகளுக்குத் தெரியணும், நான் அந்த மாதிரி மாமியான்னு.”

தொடரில் வரும் அந்தப் பெரிய வீட்டு மாமியார் இரண்டு வருஷமாக மருமகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவள். தேனி மாவட்டத்து மருமகள்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடாத நாளில்லை. பிறர் நன்னடத்தைச் சான்றிதழை ஆபீசில் வாங்குவார்கள். உமாதேவி அதை முதுகில் தைத்துக்கொள்ள நினைத்தாள்.

நாகஜோதி பதினொரு நாள் அந்தக் கிளிகளோடு குடித்தனம் நடத்தினாள். மூக்குக்கு ஏற்ற சிவப்பு நூலைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினாள். வியாழக்கிழமை முகூர்த்தம். திங்கள்கிழமை ரவிக்கையை வாங்க வந்த உமாதேவி, கல்யாண வேலையில் பத்து நாளாக டிவிப் பக்கம் போகாதவள், ஆசையோடு கேட்டாள்: “அந்தம்மா எப்பிடி இருக்காக கதையில?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அத்தாரிட்டி எப்படிச் சொல்லும்? அன்று காலையில் பார்த்தது நாகஜோதிக்கு நினைவு வந்தது. அந்த மாமியார் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பாலில் எதையோ தட்டிப் போட்டாள். அந்த நேரம் பார்த்து கேமரா அவள் முதுகையே பதினொரு நொடி காட்டியது. ஒன்பது வருஷத்தில் நாகஜோதிக்குக் கிடைத்த மிக நீளமான முதுகு அதுதான். போடி ஏலக்காயை நுகர்ந்தே வளர்ந்தவளுக்குப் பாலில் போடும் பொடி வேறென்னவாகத் தோன்றும்?

“மருமகளுக்குப் பாலுல ஏலக்காயெல்லாம் தட்டிப் போட்டுக் குடுக்கிறாகக்கா. எம்புட்டுப் பாசம்கிறீக!”

உமாதேவிக்கு முகமெல்லாம் பூத்துவிட்டது. “அப்பிடியா! அப்ப நானும் பால் பழம் குடுக்கையில ஏலக்கா போட்டே குடுக்கிறேன்.” ரவிக்கையோடு அந்தச் செய்தியையும் எடுத்துக்கொண்டு போய், பெண் வீட்டாருக்குப் போன் போட்டும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை. கடை வாசலில் பூ விற்கும் பஞ்சம்மாள் சத்தத்தோடு தொடர் பார்ப்பவள். அவள் வீட்டு டிவியைத் தெருவே கேட்கும். கடைக்குள் கதை சொல்லக் கூடாது என்று அவளுக்கு நாகஜோதி போட்ட தடை பல வருஷமாக அமலில் இருந்தது. அன்றைக்கு அது உடைந்தது.

“ஏத்தா, நேத்துப் பாத்தியா! அந்தக் கிளி மாமியா பாலுல கலந்தது வெசமாம்ல! ரெண்டு வருசமா நடிச்சிருக்கா பாதகத்தி!”

நாகஜோதியின் கையிலிருந்த கத்தரி அப்படியே நின்றது. “வெசமா? அது ஏலக்காயில்ல?”

“ஏலக்காயா! கதவத் தாப்பாப் போட்டுட்டா ஏலக்கா போடுவாக?”

“பொட்டலத்துல மடிச்சிருந்துச்சேக்கா. நம்ம பக்கம் ஏலக்காயத்தான அப்பிடி மடிச்சுத் தருவாக?”

ஒன்பது வருஷம் கழித்து நாகஜோதி சத்தத்தைத் திறந்தாள். பின்னணியில் உருமி மேளம் உறுமியது. கண்ணாடி முன்னால் நின்று அந்த மாமியார் சிரித்த சிரிப்பில் மெஷின்மேல் இருந்த நூல் பாபின் உருண்டு விழுந்தது. முதுகில் இரண்டு கிளிகள், நடுவில் குத்துவிளக்கு. கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே நாள்.

கடையைப் பஞ்சம்மாளிடம் விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினாள். கல்யாண வீட்டில் பந்தல் போட்டாகிவிட்டது. உமாதேவியைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய், பால், பொட்டலம், தாழ்ப்பாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். உமாதேவி கவிழ்த்துப் போட்டிருந்த அண்டாமேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

“ஒனக்குக் கத தெரியும்னுல்ல நெனச்சேன்.”

“எனக்கு முதுகு மட்டுந்தான்க்கா தெரியும்.”

திட்டு விழும் என்று நாகஜோதி காத்திருந்தாள். திட்டு வரவில்லை. “மூத்தவ போனதுலருந்து எங்க அடுப்படியில பேச்சுச் சத்தமே இல்லத்தா” என்றாள் உமாதேவி. “நான் பேசுனா செவுருதான் கேக்கணும். அப்ப நான் பேசுனது அதிகந்தான். இந்தப் பிள்ளையும் பயந்து போயிட்டா நான் என்ன செய்வேன்?” கொழம்பில் உப்பு மட்டுமல்ல காரணம் என்று அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. சண்டைக்காரி என்று கேள்விப்பட்ட மனுஷி இப்படிச் சிறுத்து உட்கார்ந்திருப்பதை நாகஜோதி எதிர்பார்க்கவில்லை.

கிளிகளைப் பிரிக்கலாமென்றால், சரிகை நூலை உருவினால் பட்டில் சல்லடையாக ஓட்டை விழும். முகூர்த்தச் சேலையோடு வந்த ரவிக்கைத்துண்டு அது ஒன்றுதான். வேறு வழியில்லாமல், வியாழக்கிழமை விடியற்காலையில் நாகஜோதி மண்டபத்துக்குப் போய், முந்தானையை வலது தோளுக்குச் சுற்றி இழுத்து, கிளிகளை மூடி நாலு ஊக்குக் குத்தினாள். தான் தைத்ததிலேயே நல்ல வேலையைத் தன் கையாலேயே மறைக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஏலக்காய் வேண்டாமென்று சமையல்காரரிடம் சொல்ல உமாதேவி மறந்துவிட்டாள்.

வைகாசி வெயிலில் போர்த்திய பட்டோடு மாப்பிள்ளையின் அம்மா மேடையில் வெந்துகொண்டிருந்தாள். பெண் வீட்டு வரிசையிலோ வேறு பேச்சு. “எவ்வளவு அடக்கமா இருக்காக பாத்தீகளா! ஒடம்பு தெரியாமப் போத்திக்கிட்டு. நாமதான் தப்பா நெனச்சிட்டோம்.” பின்னால் நின்ற நாகஜோதியின் காதில் இது விழுந்தது. பதினொரு நாள் வேலை சாதிக்காததை நாலு ஊக்கு சாதித்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

தாலி ஏறியது. பால் பழம் கொடுக்கிற நேரம் வந்தது. உமாதேவி வெள்ளி டம்ளரை வாங்கிக்கொண்டு மணமகள் ஓவியாவின் முன்னால் குனிந்தாள். தோளிலிருந்த ஊக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முந்தானை சரிந்து விழுந்தது. கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கிளிகளும் குத்துவிளக்கும் பளீரென்று வெளியே வந்தன. போதாக்குறைக்கு ஏலக்காய் மணம்.

நாயனம் வாசித்தவர்கூட நிறுத்திவிட்டார். கூடியிருந்த முந்நூறு பெண்களும் திங்கள்கிழமை தொடரைப் பார்த்தவர்கள். பெண்ணைப் பெற்றவள் பாதி எழுந்து நின்றாள். மாமியாரின் பின்புறம் ஓவியாவுக்குத் தெரியாது. ஆனால் எல்லோருடைய கண்ணும் போகும் இடம் தெரிந்தது. வந்த மணத்தை மூக்கு சொன்னது. நீட்டிய கை பாதியில் நின்றது.

உமாதேவி அந்தக் கையைப் பார்த்தாள். டம்ளரை உயர்த்தி, உதடு படாமல் அண்ணாந்து, கூடத்துக்கே தெரியும்படி இரண்டு மடக்குக் குடித்தாள். பிறகு டம்ளரை நீட்டினாள்.

ஓவியா ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சட்டென்று சிரித்துவிட்டாள். “எனக்கும் கொஞ்சம் வைங்கத்த” என்று வாங்கி, மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தாள். கூடத்தில் சிரிப்பு கிளம்பி அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் நாகஜோதியின் முழங்கையை இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். “நாகு, எனக்கும் அதே கிளி” என்றார்கள், வாசலைத் திரும்பிப் பார்க்காமலே, வாய்விட்டு.

மேடையில் உமாதேவியின் கை முதுகுக்குப் பின்னால் முந்தானையைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது. காப்பிப்பொடிக் கலர் ரவிக்கையோடு நாகஜோதி விறுவிறுவென்று படியேறினாள். அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். சரிந்து கிடந்த முந்தானையை எடுத்து, கிளிகள் இரண்டும் முழுசாகத் தெரியும்படி ஒதுக்கி, உமாதேவியின் இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.