தங்கத் தகட்டுல ஒரு மூலக்கூறு உசரம்

ஒத்த ஒத்த மூலக்கூறா நிறுத்தி சுவிட்சு கட்டுறதுதான் நம்ம தொழிலு. கட்டுனவ கண்ணுக்கே தெரியாது, பாக்க வர்றவுகளுக்கு எங்கிட்டுத் தெரியும்? லேப்புல கெடந்து லோல்படுற சொந்தங்களே, நீங்களாவது கேளுங்க.

மோட்டாரு ரூம்பு

காமயகவுண்டன்பட்டியில எங்க திராட்சத் தோட்டத்துக்கு வந்த பெரியப்பாவுக்கு வெளக்குனேன். தங்கம் பூசுன தகட்டக் கரைசல்ல ஊறப்போட்டா மூலக்கூறுக தானா வந்து வரிசையா நிக்கும், கரண்டு குடுத்தா ஒவ்வொண்ணும் சுவிட்சு மாதிரி வேல செய்யும்னு. பொறுமையாத்தான் கேட்டாக.

"ஏந்தாயி, மோட்டாரு ரூம்புல சுவிட்சு கருகிக் கெடக்கு. அத வந்து பாப்பியா?"

டியூபு மேல கல்லு, கல்லு மேல மிஷினு

என் மூலக்கூறு சுவிட்சப் பாக்குற மிஷினு எங்க காலேசுது இல்ல, வெளியூர்ல இரவல் வாங்குனது. ஊசி முனையால தடவித் தடவிப் படம் எடுக்கும். பக்கத்துல தும்முனாலே படம் கலங்கிரும். தேனியில ஆடிக் காத்து அடிக்கிற அடிக்கு கட்டடமே அதிரும். பைக் டியூபுல காத்தடிச்சு, மேல கல்லப் போட்டு, அதுக்கு மேல மிஷின வச்சோம்.

அப்படியும் ஒரே ஒரு தடவதான் சுவிட்சு வேல செஞ்சத நான் பாத்தேன். கைடு மேடம் அப்ப இங்கன இல்ல. மிஷினு திரும்பிப் போறதுக்குள்ள அவுக முன்னாடி இன்னொருக்க செஞ்சு காட்டுனாத்தான் தீசிஸ்ல சேக்க முடியுமாம். என் கண்ணு என்ன புண்ணான்னு சண்டைக்கு நின்னேன். மேடம் கொரலே ஒசத்தல.

"நீ பாத்தது சுவிட்சாவும் இருக்கலாம், காத்தாவும் இருக்கலாம்."

கர்ச்சீப்பு

மிஷினு போற அன்னிக்குக் காலையிலதான் காத்து அடங்குச்சு. மூலக்கூறுக் கரைசல் தீந்துபோச்சு, மிச்சம் இருந்தது ஒரே தகடு. அத ஒரு டப்பாவுல மூடி வச்சுட்டு மேடத்தக் கூப்பிட ஓடுனேன்.

திரும்பி வந்தா, மிஷினோட நின்னு போட்டோ எடுக்க பிரின்சிபால் வந்திருக்காக. கையில என் தகடு. லேசா மங்கலாத் தெரிஞ்சுச்சாம், கர்ச்சீப்ப எடுத்து அழுத்தித் தொடச்சிருக்காக. பஸ் கண்டக்டர்ல இருந்து கைடு வரைக்கும் ஒருத்தரையும் விடாத வாயி எனக்கு. அன்னிக்குக் கைய மட்டும் நீட்டுனேன். அவுக பாசமாத்தான் தகட்ட என் உள்ளங்கையில வச்சாக.

"இந்தாம்மா, இப்பப் பாரு, கண்ணாடி கணக்கா இருக்கு."

அதுல என்ன அழிஞ்சுபோச்சுன்னு மேடத்துக்குக் காட்டணும்னாக்கூட அந்த மிஷினுதான் வேணும், அது போட்டோ முடிஞ்ச கையோட வேன்ல ஏறி தேவதானப்பட்டியத் தாண்டிருச்சு.