பாபநாசம் போகும் வழியில் சத்தமில்லாத ஒரு கார்

கடைசி இரண்டு வருடமும் என் கணவர் மூச்சுத் திணறலோடு போராடினார். அன்றிலிருந்து டீசல் புகை எனக்கு ஆகாது. இந்த ஆனியில் அவருடைய திதிக்குப் பாபநாசம் போக, மின்சாரக் கார்தான் வேண்டும் என்று கேட்டு ஏற்பாடு செய்தேன். அதே வழியில் அப்படிப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து காலை ஏழரைக்குப் புறப்பட்டோம். ஒரு வழிக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். போய்வர வாடகை 2,400 ரூபாய். டிரைவர் இசக்கிமுத்துவுக்கு முப்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, சுத்தமான இருக்கை உறை. (அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.) கார் கிளம்பியதே தெரியவில்லை. இப்படி ஒரு வண்டி செய்தவர்களைப் பாராட்டிக் கடிதம் எழுதவேண்டும் என்று சேரன்மகாதேவி வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

அங்கே பஸ் நிறுத்தத்தின் அருகே கார் ஊர்ந்தது. வெள்ளைக் குச்சி வைத்திருந்த ஒருவர் ஓரத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நிதானமாக எங்கள் முன்னால் இறங்கினார். இசக்கிமுத்து பிரேக்கை மிதித்தார். மனிதருக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண்தான். குச்சி சக்கரத்தடியில் முறிந்தது.

"ஏம்வே, வண்டியத் தள்ளிக்கிட்டா வந்தீரு? ஒரு சத்தமும் இல்லையே."

"கரண்டு வண்டி, அண்ணாச்சி."

"கரண்டு வண்டின்னா எனக்குக் கண்ணு தெரிஞ்சிருமா?"

அவர் பெயர் செல்லத்துரை. அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளியில் சரித்திர ஆசிரியர். தினமும் தனியாகவே பஸ்ஸில் போய்வருகிறவர். குச்சி இல்லாமல் எப்படிப் போவார்? வற்புறுத்திக் காரில் ஏற்றிக்கொண்டேன்.

வழியில் இசக்கிமுத்து சொன்னதைக் கேட்டுத்தான் நான் இன்னும் அதிர்ந்துபோனேன். மெதுவாகப் போகும்போது ஒரு ரீங்காரம் எழுப்பும் கருவி இந்தக் காரிலேயே இருக்கிறதாம். அதை நிறுத்த ஒரு பொத்தானும் இருக்கிறதாம். "வண்டி எடுக்கும்போதே அமத்திக் குடுத்துட்டாங்க ஆச்சி. சத்தமில்லாததுதான் இதுக்கு அழகுன்னாங்க." தெரிந்தேதான் அந்தக் கருவியை வைத்திருக்கிறார்கள். பிறகு எதற்கு அந்தப் பொத்தான்?

செல்லத்துரை சார் அதைக் கேட்டு இசக்கிமுத்து பக்கம் திரும்பினார். லாரிக்குத் தான் பயந்ததில்லை, அது வருவது முன்னாலேயே தெரிந்துவிடும் என்றார். பிறகு, "புகை இல்லாம வரட்டும், வேண்டாங்கல. சொல்லாம வரக்கூடாதுல்லா? சத்தமில்லன்னா ரோடு காலின்னு நெனச்சுத்தான் இத்தன வருசமும் காலெடுத்து வச்சேன்" என்றார்.

அவரைப் பள்ளி வாசலிலேயே இறக்கிவிட்டோம். இசக்கிமுத்து அந்தப் பொத்தானை அமுக்கினார். ரீங்காரம் கேட்டது, ஒன்றும் காதை உறுத்தவில்லை.

பாபநாசத்தில் படித்துறையில் கூட்டமில்லை. திதி ஒழுங்காக முடிந்தது. ஆனால் அந்த ஒரு சாண் இடைவெளி என் கண்ணைவிட்டு அகலவில்லை.

போகிறவர்களுக்கு: முழு சார்ஜோடு கிளம்பினால் போய்வரப் போதும், வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். ஏறும்முன் வெளியே நின்று காரை மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சத்தம் கேட்காவிட்டால் ஏறாதீர்கள். அந்தக் காரைச் செய்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன், ஆனால் பாராட்டி அல்ல. புகையை நிறுத்திய சாமர்த்தியத்தை மெச்சுகிறேன். அந்தப் பொத்தானை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன்.

அன்று திரும்பும்போது மாலை நாலே முக்கால். பள்ளிக்கு எதிரில்தான் திருநெல்வேலிப் பக்கம் போகும் பஸ் நிற்கும். செல்லத்துரை சார் யாருடைய குடையையோ ஊன்றிக்கொண்டு பள்ளிப் பக்கமே நின்றிருந்தார். நாங்கள் தள்ளி நிறுத்தினோம். இரண்டு பக்கமும் ஒரு வண்டிகூட இல்லை. ஒரு காலை எடுத்து வைத்தார், பின்னால் இழுத்துக்கொண்டார். மறுபடியும் அப்படியே.

இறங்கிப் போய், "ரோடு காலியாக இருக்கிறது சார்" என்றேன்.

"நெசமாவா ஆச்சி?" என்று கேட்டார்.